தொண்டைநாட்டு ஏரிகளும் உயிர்களின் உணவுறவும்: வேடந்தாங்கல் கௌல் குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

தொண்டைநாட்டில் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பதால், இங்கு வேளாண்மை ஏரிகளை நம்பியே வளர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தில் இந்நாட்டை ஐந்திணை நிலமாக விரித்துரைக்கிறார். நிலத்தை அதில் வாழும் உயிர்களோடு சேர்த்துக் காணும் இந்நோக்கு இலக்கிய அளவில் நின்றதா, ஊராரின் உரிமையாகவும் வடிவெடுத்ததா என்பதை, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வேடந்தாங்கல் ஏரியின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவுவழிப் பகுப்பும் உணவுவழி உறவும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவின; நந்து ஈரறிவினது; எறும்பு மூவறிவினது; நண்டு நான்கறிவினது. புலன்களை அளவுகோலாகக் கொண்ட இப்பகுப்பு, எவ்வுயிர் எதை உண்கிறது என்பதைப் பேசவில்லை. அகத்திணையியல் கூறும் கருப்பொருள்களின் நோக்கு வேறு. அங்கு உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியன ஒரே நிலத்துக்கு உரியனவாக ஒருங்கே வைக்கப்படுகின்றன.

ஏரியில் உணவுறவு கண்கூடானது. பாசியும் நீர்ச்செடிகளும் கதிரொளியால் உணவு ஆக்கும் உற்பத்தியாளர்கள். அவற்றை நத்தைகளும் சிறுமீன்களும் உண்கின்றன. நத்தையை நத்தைகுத்தி நாரையும், மீனை நீர்க்காகமும் கொக்கும் இரையாகக் கொள்கின்றன. பறவைகளின் எச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைக்க, அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கலக்கின்றன. அந்நீர் மதகின் வழியே வயலுக்குப் பாய்கிறது. ஓரறிவுயிரில் தொடங்கிய சங்கிலி மீண்டும் ஓரறிவுயிராகிய நெல்லையே வந்தடைகிறது.

கௌல் பெற்ற ஊர்

லயனல் பிளேஸ் 1794 முதல் 1798 வரை கும்பினியாரின் செங்கற்பட்டு ஜாகீரில் கலெக்டராக இருந்தார். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டனர் என்றும், ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உரிமையைக் ‘கௌல்’ என்னும் உறுதிப் பத்திரமாகப் பெற்றனர் என்றும் இவ்வேரியின் வரலாறு கூறும். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது.

சூழலியலுக்கு ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் பெயர் சூட்டியது 1866இல். சார்லஸ் எல்ட்டன் உணவுச் சங்கிலியை விளக்கிய நூல் 1927இல் வந்தது. ‘சூழல் மண்டலம்’ என்னும் கருத்தை ஆர்தர் டான்ஸ்லி 1935இல் முன்வைத்தார். இக்கால வரிசையைக் கொண்டு, சூழலியலை நம் முன்னோரே முதலில் கண்டனர் என முடிவுகட்டுவது பொருந்தாது. ஊரார் கோட்பாடு எதையும் வகுக்கவில்லை. எச்சம் கலந்த நீர் பாய்ந்த வயல் நன்கு விளைவதைக் கண்டனர். அவ்விளைச்சலைக் காக்க ஆணை பெற்றனர். உணவுறவு பற்றிய பட்டறிவு ஓர் உரிமைக் கோரிக்கையின் அடிப்படையாயிற்று என்பதே இந்நிகழ்வின் சிறப்பு.

எல்லை எது?

வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அவ்வேரியின் மீன் போதாது. அவை சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரைதேடித் திரும்புகின்றன. கூடு ஓரிடம், இரை பலவிடம். எனவே, பல ஏரிகளின் வளம் ஓர் ஏரியில் உரமாகச் சேர்கிறது. கௌல் கூட்டிடத்தை மட்டும் காத்தது. இரைநிலங்கள் அன்று ஏரிகளாகவும் வயல்களாகவும் நிலைத்திருந்தமையால் அதுவே போதுமானதாயிற்று. 1998ஆம் ஆண்டு அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லையை வகுத்தது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2022இல் இவ்வேரி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

வேடந்தாங்கலைக் காத்தது பறவையின் மீதுள்ள அன்பு மட்டுமன்று. ஏரியின் ஆயக்கட்டில் பயிரிட்டோரின் நலனும் ஆகும். இன்று குன்றத்தூர் முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் வரையுள்ள வட்டாரத்தில் வயல்கள் பலவும் தொழிற்சாலைகளாகவும் கிடங்குகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியுள்ளன. ஆயக்கட்டு மறையும்போது ஏரிக்காக முறையிடும் உரிமையாளரும் மறைகின்றனர். ஆதலின், ஒவ்வோர் ஏரியையும் தனித்துக் காப்பதோடு நில்லாமல், கூட்டிடத்தையும் இரைநிலத்தையும் ஒரே அலகாகக் கருதிப் பேணுவதும், அவ்வலகில் ஊராருக்குப் பங்களிப்பதும் இன்றியமையாதன என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.