குளிர்காய்ச்சற் காலம்

கிழக்கிலங்கை அட்டாளைச்சேனையின் வயல்வாடிகளில் காவலிருந்து திரும்பியோரை மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் நெடுங்காலம் பீடித்து வந்தது. உடல் வெடவெடக்கப் படுத்தவருக்குப் போர்வைமேல் போர்வை போர்த்தி, பரிசாரி சொன்ன கசாயத்தைக் காய்ச்சி, லெப்பை ஓதிய நீரைப் பருகக் கொடுத்து, கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சையும் வைத்து, உம்மாவும் சாச்சிமாரும் இரவெல்லாம் விழித்திருந்த அக்காலத்தில், அயலார் வந்து நோய் விசாரிப்பது மார்க்கக் கடமையாகவே கருதப்பட்டது. 1934-35இல் தென்மேற்கு இலங்கையைக் கலக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் நுளம்புகொல்லியான டி.டி.டி. தெளித்ததன் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை 17 ஆகச் சுருங்கிற்று. தெளிப்புத் தளர்ந்தபின் மீண்டும் பெருகிய அந்நோய் இலங்கையிலிருந்து ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. மருந்தின் மகிமையைப் போற்றும் சரித்திரம், மருந்தெட்டாத நாளிலும் பிணியாளரைத் தனித்திருக்க விடாத இம்மாந்தரின் தர்மத்தையும் எழுதிவைக்க வேண்டும்.