படம் வரவில்லையா? மாடி ஏறுவதற்கு முன்... வீட்டிலும் வேனிலும் டிஷ், கேபிள் கோளாறுகள்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு இஷா தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் கூட்டம். அந்த வீட்டுப் பையன், கல்லூரி முதலாண்டு படிக்கிறவன், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஸ்பேனருடன் மாடிக்குப் போயிருக்கிறான். பாசி பிடித்த கைப்பிடிச் சுவரில் கால் வைத்து டிஷ்ஷைத் திருப்பப் போனவன் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தலையில் அடிபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவனை அருப்புக்கோட்டைக்கு அனுப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. மழை விட்டதும் படம் தானாகவே வந்துவிட்டது.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். டிவியில் எதைப் பார்ப்பது, எதைப் பார்க்கக் கூடாது என்பது வேறு கட்டுரை. இது படம் வராதபோது என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும். எங்கள் வீட்டு டிஷ்ஷை மூன்று முறை இடம் மாற்றிக் கட்டியவன் நான். மெக்கானிக்கிடம் கொடுத்த காசிலும் சில பாடங்கள் கிடைத்தன.

மழையில் போனால் மழையோடு வரும்

டிஷ்ஷுக்கு வரும் அலை பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வீட்டு டிஷ்ஷுக்கான இந்த அலைவரிசையைக் கனமழைத் துளிகள் உறிஞ்சிவிடும். கருமேகம் கவிந்து கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து 'சிக்னல் இல்லை' என்று வருவது பழுது அல்ல, இயற்கை. மழை குறைந்ததும் திரும்பிவிடும். அந்த நேரத்தில் டிஷ்ஷை அசைத்தால், மழை விட்ட பிறகும் படம் வராத நிலையை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

ஆனால் சிறு தூறலுக்கே படம் போகிறது என்றால் அது வேறு. உங்கள் டிஷ் முன்பே கொஞ்சம் விலகியிருக்கிறது, அல்லது இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. வெயில் நாளில் எப்படியோ தாக்குப்பிடித்தது, தூறலில் விழுந்துவிட்டது. அதை மழை நின்று மாடி காய்ந்த பிறகு பார்க்கலாம்.

முதலில் கீழே பாருங்கள்

படம் இல்லை என்றதும் எல்லோருடைய கண்ணும் மாடிக்குப் போகிறது. நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை டிவிக்குப் பின்னால் ஒரு முழத்துக்குள் இருந்தன.

பாக்ஸின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அடாப்டர். எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருந்தாலும் அடாப்டர்தான், மின்னழுத்தம் போதவில்லை. டிவி சரியான எச்டிஎம்ஐ அல்லது ஏவி துளைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா? பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தி மாற்றியிருப்பார்கள். இதற்கே மெக்கானிக்கை வரவழைத்துப் பணம் கொடுத்த வீடுகள் உண்டு. பக்கத்து வீட்டிலும் படம் இல்லையா என்று கேளுங்கள். 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் அரசு கேபிள் பாக்ஸ்கள் பல ஊர்களில் ஒரே சமயத்தில் நின்றுபோயின. அந்த நாளில் வீட்டு ஒயரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து, பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று சிக்னலின் பலம், மற்றொன்று தரம். இரண்டும் பூஜ்யம் என்றால் ஒயர், கனெக்டர், அல்லது டிஷ்ஷின் முன்கைமுனையில் இருக்கும் எல்.என்.பி. பலம் இருந்து தரம் மட்டும் பூஜ்யம் என்றால் ஒயர் நன்றாக இருக்கிறது, டிஷ் தன் செயற்கைக்கோளைப் பார்க்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் ஒருவர் தெரிந்துவைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பாதி சேனல்கள் வந்து பாதி வராமல் இருப்பதும் நம் ஊரில் அடிக்கடி கேட்கும் புகார். பாக்ஸ் அதே ஒயர் வழியாக எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது. ஒரு பகுதி சேனல்களுக்கு 13 வோல்ட், மறு பகுதிக்கு 18 வோல்ட். துருப்பிடித்த கனெக்டரோ தளர்ந்த அடாப்டரோ அந்த 18 வோல்ட்டை மேலே போகவிடாவிட்டால் ஒரு பகுதி சேனல்கள் மொத்தமாக மறைந்துவிடும். என்னிடம் ஒருவர் இதற்கு எல்.என்.பி.யையே மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பணம் வாங்கினார். மாற்றியும் வரவில்லை. பின்னால் பார்த்தால் மாடியில் கனெக்டருக்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஒயர் முனையை அரையடி வெட்டிப் புதிதாகச் சீவியதும் எல்லாம் வந்தது.

ஒயரைச் சீவும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுற்றிலும் இருக்கும் வலைக்கம்பியில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். பாக்ஸை மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் கனெக்டரைக் கழற்ற வேண்டும். மாடியில் உள்ள இணைப்புக்குக் கீழே ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்துக் கட்டினால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது. எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி நம் வெயிலில் சில ஆண்டுகளில் விரிசல் விடும். அதையும் பாருங்கள். அணில் கடித்த ஒயர், குளவி கட்டிய மண்கூடு இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

கிப்லாவும் டிஷ்ஷும்

சிறுவயதில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி, ஒருவர் மாடியில் நின்று "வருதா?" என்று கத்த, கீழிருந்து "வரல, வரல, ஆ... வந்துருச்சு, விட்றாத!" என்று பதில் போகும். டிஷ்ஷுக்கு அந்தக் கத்தல் போதாது. 60 சென்டிமீட்டர் தட்டில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 5 மில்லிமீட்டர் நகர்வு. ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும்.

இதற்கு நம் மாநிலத்தில் நடந்த பெரிய எடுத்துக்காட்டு 2010 ஜூலையில். இன்சாட் 4பி செயற்கைக்கோளில் மின்சக்திக் கோளாறு ஏற்பட்டு அதன் 24 ஒலிபரப்புக் கருவிகளில் 12 நிறுத்தப்பட்டன. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 93.5 டிகிரி கிழக்கிலிருந்து 91.5 டிகிரியில் உள்ள மீசாட் 3க்கு மாறியது. வானத்தில் இரண்டே டிகிரி. ஆனால் அதற்காக வீடு வீடாக டிஷ்களைத் திருப்ப வேண்டியிருந்தது.

சரி, எந்தப் பக்கம் திருப்புவது? கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் (2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது) இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட் 15 வழியாக வருகிறது. நரிக்குடியிலிருந்து அது வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக ஏறத்தாழ 121 டிகிரியில், அதாவது தென்கிழக்கை ஒட்டி இருக்கிறது. நமக்கு இங்கே கிப்லா 292 டிகிரி. எனவே கிப்லாவுக்கு நேர் முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் 112ஐப் பார்க்கும். அங்கிருந்து வலப்பக்கம் 9 டிகிரி திரும்பினால் செயற்கைக்கோளின் திசை. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் கிட்டத்தட்ட 10 டிகிரி, ஆக ஒரு முஷ்டி அளவு. வீட்டில் முஸல்லா விரிக்கும் திசை சரியாகக் கணிக்கப்பட்டிருந்தால் இதைவிட நல்ல திசைகாட்டி வேண்டாம். செல்போன் திசைகாட்டியை நம்புகிறவர்கள் டிஷ்ஷின் இரும்புக் கம்பத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கவும். இரும்பு அருகே முள் பொய் சொல்லும்.

உயரம் இங்கே 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேல். தட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தட்டு 45 டிகிரிதான் சாய்ந்திருப்பதுபோல் தெரியும். எல்.என்.பி. தட்டின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் வரும் தோற்றம் அது. இதை அறியாமல் போர்டிகோவின் சன்ஷேடுக்குக் கீழே டிஷ் மாட்டிவிட்டு, "எதிரே வெட்டவெளிதானே, ஏன் வரவில்லை?" என்பார்கள். தடை எதிரே இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு வேம்பு டிஷ்ஷைவிட 10 அடி உயரமாக இருந்தாலும், அதன் கிளை 4 அடி தள்ளியிருந்தால் மறைக்காது. லண்டனில் வசிப்பவருக்கு டிஷ் சுமார் 25 டிகிரிதான் நிமிர்ந்து பார்க்கும். அதே மரம் அங்கே 21 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து நம் வீட்டு மரத்தை வெட்ட வேண்டாம்.

கிப்லாவைச் சரிபார்க்கச் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வரும் நாட்களை (மே 28 பிற்பகல் 2.48, ஜூலை 16 பிற்பகல் 2.57) பல ஜமாஅத்களில் பயன்படுத்துகிறோம். டிஷ்ஷுக்கும் அப்படி நாட்கள் உண்டு. மார்ச் 16ஐ ஒட்டி முற்பகல் 11.15 மணி சுமாரிலும், செப்டம்பர் 27ஐ ஒட்டி 10.57 மணி சுமாரிலும் நம் ஊரிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஜிசாட் 15க்கு நேர் பின்னால் நிற்கும். அந்த நாட்களில் சில நிமிடங்கள் படம் கெடலாம், பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் தட்டின் மேல் கிளையின் நிழலோ சுவரின் நிழலோ விழுந்தால் அதுதான் உங்கள் சிக்னலைத் தடுக்கும் பொருள். மெக்கானிக் தேவையில்லை. வெயிலை நேரே பார்க்காமல் நிழலை மட்டும் பாருங்கள்.

எல்.என்.பி. தன் பிடியில் நிமிர்ந்து நிற்காமல் ஒருபக்கம் திருகி இருப்பதைப் பார்த்து 'சாய்ந்துவிட்டது' என்று நேராக்குகிறார்கள். நம் தென்கோடியில் அது திருகித்தான் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் பெயின்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

வேனிலும் கொட்டகையிலும்

நம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் வேலை இருக்கும் இடத்தில் கொட்டகை போட்டுத் தங்குகின்றன. டிஷ்ஷும் பாக்ஸும் அவர்களோடு வண்டியில் போகும். இப்போது வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் குடும்பத்தோடு வேனில் படுக்கை வசதி செய்துகொண்டு மூணாறு, கொடைக்கானல் போகிறார்கள். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டமே அறிவித்தது. கொட்டகைக்கும் கேரவனுக்கும் வாடகை வேறு, டிஷ் கட்டும் கணக்கு ஒன்றுதான்.

ஓடும் வண்டியில் சாதாரண டிஷ் வேலை செய்யாது. நிறுத்திய பிறகுதான். ஃப்ரீ டிஷ்ஷுக்கான உயரக் கோணம் நரிக்குடியில் 69, சென்னையில் 68, மூணாறில் 67 அல்லது 68. அதனால் உயரத்தின் திருகை ஒருமுறை இறுக்கிவிட்டால் பெரிதாகத் தொட வேண்டியதில்லை. திசை மட்டுமே மாறும். சென்னையில் அது ஏறத்தாழ 134 டிகிரி. ஆனால் கம்பம் செங்குத்தாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வேன் சரிவில் நின்றால் கூரையில் பொருத்திய டிஷ்ஷும் சேர்ந்து சாயும். ஆகவே டிஷ்ஷை வேன் கூரையில் வைக்காமல், ஒரு முக்காலியில் தரையில் வைத்துக் கல் ஏற்றி, கொத்தனாரின் ரசமட்டமோ தூக்குக்குண்டோ வைத்துப் பாருங்கள். வேனை நிழலில் நிறுத்திவிட்டு டிஷ்ஷை வெயிலில் வைக்கலாம் என்பது கூடுதல் லாபம். மலையில் தென்கிழக்குப் பக்கம் செங்குத்தான பாறையை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

மின்சாரம்: பல பாக்ஸ்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆனால் பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து பாக்ஸ் அணைந்து அணைந்து எரியும். தடித்த ஒயர் போடுங்கள். டிவியும் பாக்ஸும் சேர்ந்து 60 வாட் என்று வைத்தால், 100 ஆம்பியர் பேட்டரியைப் பாதி மட்டும் பயன்படுத்தி ஏழெட்டு மணி நேரம் பார்க்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இதைச் செய்யாதீர்கள். சஹர் நேரத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

தங்கும் இடத்தில் கேபிள் லைன் இருக்கிறது என்று நம் பாக்ஸை எடுத்துப் போவதில் பயனில்லை. கேபிள் பாக்ஸ் அந்தந்த நிறுவனத்தின் லைனில்தான் திறக்கும். டிஷ் பாக்ஸில் கேபிள் ஒயரைச் செருகினாலும் வராது. பக்கத்து வீட்டு லைனில் ஸ்ப்ளிட்டர் போட்டு இழுப்பவர்களுக்கு: இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். பணம் கட்டுபவர் வீட்டில் படம் உடையும். அது அவருடைய ஹக்.

கடைசியாக, இடி நேரம். இடிச் சத்தம் கேட்டதும் பாக்ஸின் பிளக்கை மட்டுமல்ல, டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையும் கழற்றிப் போடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் இறங்கும். மாடிக்கு அருகே மின்கம்பி போகும் வீடுகளில் இரும்புக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் வேலையை நீங்களும் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். அந்த இடத்தில் மெக்கானிக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும், பகலில், மாடி காய்ந்திருக்கும்போது.