ஆரணிப் பட்டு நெசவு: வேலைப் பகிர்வும் கூலியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக்கரையில் உள்ள நெசவு நகரம் ஆரணி. இங்கு பட்டுச் சேலை ஒருவர் கைவேலையன்று. சேலைக்கு இவ்வளவு என்று பேசும் கூலி, தறியில் அமர்பவரோடு துணை வேலை செய்வோருக்கும் பிரிகிறது.

தொடக்கம்: ஜாகீர் (மானிய நில ஆட்சி) காலத்து ஆரணி மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. பட்டு எப்போது முதன்மை பெற்றது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சௌராட்டிர நெசவாளர்களின் பங்கு பெரிது என்பர்.

1970கள் முதல் 1990கள் வரை: மிகுதியான பதிவுகள் இக்காலத்தவை. பொருளியல் ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் ஆரணியை ஆய்ந்தார். பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்களும் இணைந்தனர். நெசவு சுற்றுக் கிராமங்களுக்குப் பரவி, விவசாயக் குடும்பங்களும் தறி போட்டன. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத் தருவார். நெய்த சேலையையும் எடை பார்த்தே வாங்குவார். எடை குறைந்தாலோ கறை இருந்தாலோ கூலியில் பிடித்தம்.

பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டுவதும் பிணைப்பதும் தனி ஆட்களின் வேலை. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். அந்நேரம் வண்டிகளும் சுற்றிப் போகும். தார் (ஊடை நூல் குழல்) சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், முதியோர் வேலை; அதற்குத் தனிக் கூலி இல்லை. உடலோடு வேறு நிறக் கரையைக் கோத்து நெய்யும் கோர்வைக் கரைக்கு மூன்று ஓடங்கள் வேண்டும். ஒரு பக்கக் கரையின் ஓடத்தை எறிய இன்னொரு ஆள் உட்கார்வார். வெளியாள் என்றால் சேலைக் கூலியிலிருந்தே அவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள். அது தீரும்வரை வீட்டுச் செலவு முதலாளி தரும் முன்பணத்தில் ஓடும். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறினால் வேலையும் கூலியும் நிற்கும்.

முன்பணம் நெசவாளரை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடும் கடன் என்பார் சிலர்; வேலை நிலைக்கும் என்பதற்கான உறுதி என்பார் வேறு சிலர். இரண்டுக்கும் இடமுண்டு.

கூட்டுறவுச் சங்கங்கள்: இங்கும் சேலைக்குத்தான் கூலி. 1975இல் தொடங்கிய சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்பட்டு, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது.

அண்மைக்காலம்: ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. உருவம் எடுக்கும் ஜக்கார்டுக் கருவியைத் தூக்க மோட்டார் பொருத்திய தறிகளும் உள்ளன. பட்டுச் சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தபோதும், விசைத்தறிப் போட்டி தொடர்கிறது.