உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்: ஆண்டறிக்கை தாமதமானால் நாள்தோறும் அபராதம்

உங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நீங்கள் இயக்குநரா? “இந்த வருஷம் ஒரு மூட்டை உரம்கூட விற்கவில்லை, எதற்குக் கணக்கு?” என்று விட்டுவிடாதீர்கள். வியாபாரமே நடக்காத ஆண்டுக்கும், கம்பெனிகள் சட்டத்தில் பதிவான நிறுவனம் தன் கணக்கையும் ஆண்டறிக்கையையும் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

மார்ச் 31-ல் நிதியாண்டு முடிந்ததும் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். தணிக்கை முடிந்து, செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 400 பேர் இருந்தால் 100 பேர். சிக்கல் இங்கேதான். டெல்டாவில் செப்டம்பர் கடைசி குறுவை அறுவடை நேரம். அப்போது 100 பேரைத் திரட்டுவது லேசான வேலை இல்லை. ஆகஸ்டிலேயே நடத்திவிடுவது நல்லது. வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

கூட்டம் நடந்த 30 நாளுக்குள் கணக்கை ஏஓசி-4 படிவத்திலும், 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை எம்ஜிடி-7 படிவத்திலும் (சிறு நிறுவனம் என்றால் 7ஏ) இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பும் அந்த 60 நாளுக்குள் போக வேண்டும். இதற்கு இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பம் தேவை. அது காலாவதியாகிவிட்டதா என்று முன்கூட்டியே பாருங்கள். கடைசி நாளில் பலர் தடுமாறுவது இதில்தான்.

தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவமும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். சிறு நிறுவனம் ஒன்றின் பங்குத்தொகையில் பெரும் பகுதி இதிலேயே கரைந்துவிடும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். அதே நிறுவனத்திலும் மீண்டும் இயக்குநராக முடியாது, வேறு நிறுவனத்திலும் சேர முடியாது. நிறுவனத்தின் பெயரே பதிவேட்டிலிருந்து நீக்கப்படவும் வாய்ப்பு உண்டு.

2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அத்திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கான உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதுவரை மேலாளரும் கணக்காளரும் பார்த்த வேலை, உதவி நின்றதும் யார் தலையிலும் இல்லாமல் போகிறது. ஆடிட்டர் கட்டணத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள். ஆடிட்டர் “போட்டாச்சு” என்று சொன்னாலும், பணம் கட்டிய சலானின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

இயக்குநர் இல்லை, பங்குதாரர் மட்டும் என்றாலும் நீங்களே சரிபார்க்கலாம். மத்திய கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், கடைசிப் பொதுக்குழு நடந்த தேதியும், கடைசியாகத் தாக்கலான இருப்புநிலைக் குறிப்பின் தேதியும் தெரியும். அது இரண்டு வருடம் பழையதாக இருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.