மொரீசியஸ்: பன்னாட்டு வணிக வரலாறு

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள தீவு நாடு மொரீசியஸ். பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைவிட (1,672 ச.கி.மீ.) சற்றே பெரியது, மக்கள்தொகையோ மாவட்டத்தைவிடக் குறைவு, ஏறத்தாழ 12.5 லட்சம். இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் பல ஆண்டுகள் முதலிடம் இத்தீவின் வழியாக வந்த பணத்துக்கே.

1598-இல் டச்சுக்காரர்கள் இறங்கி, இளவரசர் மவுரிட்ஸின் பெயரை இட்டனர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கருங்காலி மரங்களை வெட்டித் தீர்த்து, 1710-இல் தீவைக் கைவிட்டது. 1715-இல் பிரான்ஸ் தீவை எடுத்துக்கொண்டது. 1735 முதல் ஆளுநராக இருந்த லா பூர்தொனே போர்ட் லூயித் துறைமுகத்தைக் கட்டினார். புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1810-இல் தீவு பிரிட்டன் வசமானது. 1834 முதல் ஏறத்தாழ நான்கரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டுக் கரும்புக் காட்டில் உழைத்தனர். நாட்டின் ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு.

1961-இல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட், பெருகும் மக்களுக்கு வேலை தர இத்தீவால் இயலாது என அஞ்சி எழுதினார். 1968 மார்ச் 12-இல் விடுதலை கிடைத்தபோது கரும்பைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. அதற்கு வாதாடியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் எடுவார் லிம் ஃபாட். ஹாங்காங் முதலாளிகள் ஆயத்த ஆடை ஆலைகளைத் தொடங்க, பெண்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்தனர். 1975-இன் லோமே உடன்படிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை ஐரோப்பா உறுதியான விலைக்கு வாங்க வழிசெய்தது. 1977-இல் இடைநிலைக் கல்வி இலவசமாயிற்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்த கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் உருவானது இந்த முடிவால்தான். பிற்கால நிதித்துறை அவர்கள் தோளில்தான் நின்றது.

அந்தத் துறைக்கு அடித்தளம் 1982 ஆகஸ்டில் இந்தியாவுடன் கையெழுத்தான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம். இந்தியப் பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை, விற்பவர் எந்நாட்டில் வசிப்பவரோ அந்நாட்டுக்கே என்றது அது. மொரீசியஸில் மூலதன ஆதாய வரியே கிடையாது. ஆகவே போர்ட் லூயியில் கம்பெனி பதிந்து பங்கு வாங்கி விற்றால் இரு நாட்டிலும் வரி இல்லை. 1991-இல் இந்தியா அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. 1992-இல் மொரீசியஸ் கடல்கடந்த வணிகத்துக்குத் தனிச் சட்டம் இயற்றியது. பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் ஆங்கிலேய வழக்குமரபும் கலந்த நீதிமுறையும், லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வசதியும் முதலீட்டாளருக்கு நம்பிக்கை தந்தன. அமெரிக்க, ஐரோப்பிய நிதியங்கள் குவிந்தன. அவற்றோடு, இந்தியப் பணமே தீவைச் சுற்றிவந்து அந்நிய முதலீடாகத் திரும்புகிறது என்ற குற்றச்சாட்டும் வளர்ந்தது. 2003 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் என்ற அமைப்பு தொடர்பான வழக்கில் ஒப்பந்தத்தின் சலுகையை நிலைநிறுத்தியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் இந்தியக் கருவூலம் இழந்த வரி மிகப் பெரியது.

இதற்கிடையே பழைய ஊன்றுகோல்கள் விழுந்தன. 2005 தொடக்கத்தில், ஆடை ஏற்றுமதிக்கு நாடுவாரியாக இருந்த உலகக் கோட்டா முடிந்து பல ஆலைகள் மூடப்பட்டன. ஐரோப்பா சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2009-இல் சர்க்கரை உடன்பாடே முடிந்தது. 2016 மே 10-இல் இந்தியாவும் ஒப்பந்தத்தைத் திருத்தியது: 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியாவில் வரி உண்டு. ஊருக்குள் விளைவது குறைவாக உள்ள நாட்டின் பிழைப்பு வெளியார் கையெழுத்தில் தொங்குவதை இம்மூன்றும் காட்டுகின்றன.

மொரீசியஸ் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியது. அங்கும் செனெகலும் ஜாம்பியாவும் தங்கள் வரி ஒப்பந்தங்களை ரத்து செய்தன. 2020 பிப்ரவரியில் கறுப்புப்பணத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பு இந்நாட்டைக் கூடுதல் கண்காணிப்புக்கான சாம்பல் பட்டியலில் வைத்தது; சட்டங்களை இறுக்கி 2021 அக்டோபரில் வெளியே வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியாவுடனான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில், வரிச்சலுகை பெறுவது முதன்மை நோக்கங்களில் ஒன்றாக உள்ள முதலீடுகளுக்குச் சலுகையை மறுக்கும் திருத்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன.