வில்லுப்பாட்டு (கரிசல் வட்டாரம்)

வில்லடி என்றும் சொல்லப்படும் வில்லுப்பாட்டு, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கதைப்பாட்டுக் கலை. வடக்கே கோவில்பட்டி, சாத்தூர் கரிசல் ஊர்கள் வரை அதற்கு ஆட்சி உண்டு.

கருவிகள் கைப்படச் செய்தவை. ஆளைவிட நீளமான வில், அதில் தோல் நாண், வரிசையாக வெண்கல மணிகள். வில்லின் நடுவை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். குடத்தின் வாயைப் பாளை மட்டையால் அடித்தால் கனத்த ஒலி எழும். தலைமைப் பாடகரான புலவர் இரு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாட, உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் கூடச் சேரும். 1950களில் பிரிட்டன் இளைஞர்கள் தேயிலைப் பெட்டியையும் துணி துவைக்கும் பலகையையும் வாத்தியமாக்கிய ஸ்கிஃபிள் இசைக்கும் பிற்கால நாட்டுப்புறப் பங்க் இசைக்கும் வீட்டுப் பொருளைக் கருவியாக்கும் இதே துணிச்சல்தான் மூலதனம்.

மானாவாரி வெள்ளாமை மாசியோடு வீடு வந்துவிடும். காடு சும்மா கிடக்கும் கோடையில் கொடை எனப்படும் கோயில் விழாக்கள் தொடங்கும். சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில்களில் இரவெல்லாம் கதை நடக்கும். அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதைகளே அதிகம். பிராமணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, செருப்புத் தைத்து, மாட்டுக்கிடை காத்து மடிகிறான். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த இக்கதையைவிடக் காரமான கலகப் பாட்டு தமிழில் அபூர்வம்.

இவ்வளவு துயரத்தையும் விடிய விடியக் கேட்க வைப்பது சிரிப்பு. பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதோடு நிற்பதில்லை. புலவரை மடக்குவார், தெரியாதவர்போல் கேள்வி கேட்பார். ராஜா நாட்டில் மழை பொய்த்தது என்றால், “நம்ம ஊரு மாதிரியாண்ணே?” என்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அடுத்த அடியிலேயே சாவு வரும். எழுதிவைத்து ஒப்பித்தால் இந்த வேகம் வராது.

இளமையில் வில்லுப்பாட்டில் ஊறிய நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) அதன் நகைச்சுவையை மேடைக்கும் சினிமாவுக்கும் கொண்டு போனார். அவரிடம் வளர்ந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) காந்தி கதையை வில்லில் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கரிசல் மண்ணின் புகழ்பெற்ற பெயர் சாத்தூர் பிச்சைக்குட்டி. இன்று பல குழுக்களுக்குப் பெண்களே தலைமை.

ஆர்மோனியமும் தபேலாவும் முன்பே சேர்ந்தன. இப்போது கீபோர்டு குடத்தின் ஒலியை விழுங்குகிறது. கொடை நடத்தும் ஊர்க்காரர்கள் கீபோர்டை ஓரங்கட்டிவிட்டு, குடத்துக்கு முன்னால் ஒரு மைக் வைக்கச் சொல்ல வேண்டும்.