லாச்சோரின் மூன்று கல்லறைகள்

வடக்கு உகாண்டாவில், கூலு நகருக்கு மேற்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில், லாச்சோர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தூய மரியாள் மருத்துவமனை வளாகத்தில் மூவரின் கல்லறைகள் இருக்கின்றன. ஒருவர் கனடா நாட்டுப் பெண்மணி. மற்றொருவர் அவருடைய இத்தாலியக் கணவர். மூன்றாமவர் அந்த மண்ணிலேயே பிறந்த அச்சோலி இனத்தவர். குருதியால் உறவில்லாத அந்த மூன்றாமவருக்கு அங்கே எவ்வாறு இடம் கிடைத்தது? மறைபரப்பு நாடுகளில் நிகழ்ந்த மருத்துவப் பணியின் வரலாற்றைக் கட்டடங்களாலும் படுக்கைகளின் எண்ணிக்கையாலும் அளந்து பழகிய நாம், இக்கேள்வியை எழுப்பிப் பார்ப்பது நலம்.

லாச்சோர் மருத்துவமனை 1959இல் கொம்போனி மறைபரப்புச் சபையினரால் தொடங்கப்பெற்றது. 1961இல் அங்கு வந்து சேர்ந்தார் இத்தாலிய மருத்துவர் பியரோ கோர்த்தி. சிறியதாயிருந்த அம்மருத்துவமனைக்கு அறுவைச் சிகிச்சை வல்லுநர் ஒருவர் தேவைப்பட்டார். கனடாவின் மொன்றியால் நகரில் தம்முடன் பணியாற்றிய லூசில் டீஸ்டேலை அவர் அழைத்தார். சில மாதங்கள் மட்டும் உதவிவிட்டுத் திரும்பலாம் என்பதே ஏற்பாடு. பெண்கள் அறுவைச் சிகிச்சைத் துறையில் நுழைவதே அரிதாயிருந்த அக்காலத்தில் அத்துறையில் தேர்ந்தவர் லூசில். வந்தவர் திரும்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அடுத்த ஆண்டு பிறந்த மகளுக்கு தொமினிக் என்பதோடு அத்திம் என்னும் அச்சோலிப் பெயரும் வழங்கிற்று. சொந்த ஊருக்கு வெளியே பிறந்தவள் என்பது அதன் பொருள். அயலாரின் குழந்தைக்கும் தம் மொழியில் ஒரு பெயர் வைத்திருந்த மக்களிடையே அக்குடும்பம் வேரூன்றியது.

அடுத்து வந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1971இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார். 1979இல் போரில் அவர் வீழ்த்தப்பட்டார். 1986க்குப் பின் வடக்கில் கிளர்ச்சி பரவியது. காயமுற்றோர் எத்தரப்பினராயினும் லாச்சோருக்கே கொண்டுவரப்பட்டனர். குண்டுகள் சிதைத்த உடல்களில் எலும்புச் சில்லுகளைத் தேடி எடுக்கையில் லூசிலின் கையுறைகள் கிழிந்தன, விரல்களும் அறுபட்டன. 1985இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியாயிற்று. அறுவை மேசையில் ஏற்பட்ட தொற்று அது. அதற்குப் பின்னும் பதினோர் ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். உடல் இடங்கொடுத்த வரையில் நோயாளிகளைக் கவனித்தார். அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் 13,000க்கும் மேல் என்பர். 1996 ஆகஸ்ட் முதல் நாள் இத்தாலியில் இறந்தார். அவரது உடல் லாச்சோருக்கே கொண்டுவரப்பட்டது.

இத்தம்பதியரின் தியாகத்தைப் போற்றி இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு பாதியிலேயே நின்றுவிடும். கொடுத்தவர் வெளிநாட்டார், பெற்றவர் உள்நாட்டார் என்னும் பழைய படமே நம் மனத்தில் தங்கிவிடும். மூன்றாவது கல்லறை அப்படத்தை ஏற்பதில்லை.

மத்தேயு லுக்வியா 1983இல் பயிற்சி மருத்துவராக லாச்சோருக்கு வந்தார். அவருடைய அறிவையும் நெஞ்சுரத்தையும் கண்ட கோர்த்தி தம்பதியர், தங்களுக்குப்பின் மருத்துவமனையை நடத்தவல்லவர் இவரே எனக் கருதினர். 1989இல், பெரிய வெள்ளியன்று, கிளர்ச்சியாளர்கள் இத்தாலிய அருட்சகோதரிகளைக் கடத்திச் செல்ல வந்தபோது, அவர்களுக்குப் பதிலாகத் தம்மைக் கொண்டுபோகும்படி முன்வந்தவர் லுக்வியா. மருத்துவரின் வெள்ளை அங்கியுடனேயே ஏறத்தாழ ஒரு வாரம் காட்டில் அலைந்து, பின் விடுவிக்கப்பட்டார். பிறகு இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் உயர்படிப்பு முடித்தார். அங்கேயே ஆசிரியப் பணி காத்திருந்தும் ஊர் திரும்பினார். வன்முறைக்கு அஞ்சிய மக்கள் இரவுதோறும் ஆயிரக்கணக்கில் மருத்துவமனை வளாகத்தில் வந்து உறங்கினர். அவர்களுக்கு வாயிற்கதவைத் திறந்து வைத்ததும் அவரே. வந்தவர்களைக் காத்தவர் அங்குள்ளவர் என்பதை நாம் மறத்தலாகாது.

2000 அக்டோபரில் லுக்வியா தலைநகர் கம்பாலாவில் பொதுச் சுகாதாரம் பயின்றுகொண்டிருந்தார். லாச்சோரில் விளங்காத காய்ச்சலால் செவிலிய மாணவர்கள் இறக்கின்றனர் என்னும் செய்தி வந்தது. உடனே திரும்பினார். இறந்தோரின் குறிப்பேடுகளை இரவெல்லாம் படித்து, இது குருதிப்போக்குடன் கூடிய கொள்ளைநோய் என ஐயுற்றார். ஆய்வு முடிவு வரும் முன்பே தனிப்பிரிவு அமைத்தார். வந்தது எபோலா. உகாண்டாவில் அவ்வலையில் 425 பேர் நோயுற்றனர். 224 பேர் மாண்டனர். லாச்சோர் பணியாளரிலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நவம்பர் இறுதியில் அச்சமும் துயரும் தாளாது செவிலியர் ஒன்றுகூடினர். செல்ல விரும்புவோர் செல்லலாம், தாம் இருக்கப்போவது உறுதி என்றார் லுக்வியா. அவர்களும் பணிக்குத் திரும்பினர். ஆனால் அதற்கு முன்பே, ஓர் இரவில், உயிருக்குப் போராடிய செவிலியர் ஒருவரைத் தாங்க விரைந்தபோது முகக்காப்பு அணியாத ஒரு கணத்தில் நோய் அவரைப் பற்றியிருந்தது. டிசம்பர் 5ஆம் நாள் அவர் இறந்தார். வயது 43. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் அவரை இழந்தனர். லூசிலின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

தமக்குப்பின் நிற்பார் என்று நம்பிய மகனொத்தவரைத் தாமே மண்ணுக்கு ஒப்படைக்கும் நிலை முதியவர் கோர்த்திக்கு நேர்ந்தது. இதனை வீரமரணம் என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. நட்பு இழப்பை எளிதாக்குவதில்லை. இழக்கத்தக்க ஒருவரை நமக்குத் தருகிறது. 2003 ஏப்ரலில் கோர்த்தியும் மறைந்தார். அவருக்கும் இடம் லாச்சோரிலேயே அமைந்தது.

தங்களுக்குப்பின் மருத்துவமனை உகாண்டா நாட்டவர் கையில் இருக்க வேண்டும் என்பதே தம்பதியர் விரும்பியது. அவ்வாறே ஆயிற்று. அந்நாட்டு மருத்துவரும் செவிலியரும் அதனை நடத்திவருகின்றனர். தொலைநாட்டுப் பணிக்கென நம் இல்லங்களிலிருந்தும் சபைகளிலிருந்தும் புறப்படுவோர் உண்டு. மருந்துப் பெட்டிகளோடு அவர்கள் எடுத்துச் செல்லத்தக்க வினா ஒன்றுண்டு: நாம் யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதன்று, அங்கே யாருடைய அன்புக்குக் கடன்பட்டோம் என்பதே அது.